வெள்ளி: ஒரு பழஞ்சொல்லின் வேரை நீங்களே தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

விடிய நாலு மணி இருட்டு. பாம்பன் பக்கம் பாக் நீரிணைக் கரையில் வத்தை என்னும் படகைத் தள்ள நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மூத்தவர் கிழக்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளி மொளச்சிருச்சு, தள்ளுங்கப்பா." காலையில் தங்கச்சிமடத்து நகைக்கடையில் ஒரு அக்கா பழைய கொலுசைத் தராசில் போட்டுவிட்டுக் கேட்டார்: "இதுல வெள்ளி எத்தன கிராம்ணே நிக்கும்?" மதியம் கீழக்கரையில் ஒரு கடைக்காரர் பலகையை இறக்கிக்கொண்டே, "வெள்ளிக்கிழம காக்கா, ஜும்ஆ முடிஞ்சு வாங்க" என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் மாமா, "அங்க ஒரு டீக்கு ஒன்றரை வெள்ளி குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே நாளில், ஐம்பது கிலோமீட்டருக்குள், ஒரே சொல் நாலு பொருளில் என் காதில் விழுந்தது. நட்சத்திரம், உலோகம், கிழமை, காசு. இந்த நாலும் ஒரே சொல்தானா, அல்லது ஒலியால் ஒத்துப்போன நாலு சொற்களா? நாலும் ஒன்றென்றால் எது முந்தி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த வழியைத்தான் கீழே எழுதுகிறேன். வெள்ளிக்கு மட்டுமல்ல, வேறு எந்தப் பழஞ்சொல்லின் பின்னால் போகவும் இதே வழி உதவும்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. பர்ரோ, எமனோ இருவரும் 1961-இல் கொண்டுவந்து 1984-இல் திருத்திப் பதித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. இரண்டையும் இன்று கைபேசியிலேயே பார்க்கலாம். இவற்றைவிட முக்கியம், பேச நேரமுள்ள நாலு பெரியவர்கள்.

முதல் படி: சொல்லை வாக்கியத்தோடு எழுதுங்கள்

அகராதியைத் திறக்கும் முன் ஊரில் கேளுங்கள். "வெள்ளின்னா என்ன?" என்று கேட்டால் எல்லோரும் கொலுசையும் மெட்டியையும் காட்டுவார்கள். அப்படிக் கேட்காதீர்கள். பேச்சு ஓடும்போது தானாக வந்து விழும் வாக்கியத்தைப் பிடியுங்கள். யார் சொன்னது, என்ன தொழில், எந்த ஊர், எந்த நேரம் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

என் நோட்டில் சேர்ந்தவற்றில் சில: கடலுக்குப் போகிறவர் சொல்லும் "விடிவெள்ளி". குழந்தைக்குக் கட்டும் "வெள்ளி அரணாக்கொடி". கண்வலி தீர்ந்தால் அம்மனுக்குச் சாத்துவதாக நேர்ந்துகொண்ட "வெள்ளிக் கண்மலர்". கடலோரக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் சொல்லும் "பெரிய வெள்ளி". அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த தாத்தாவின் பழைய கடிதத்தில், "மாதம் பதினைந்து வெள்ளி அனுப்புகிறேன்."

கோயிலுக்குப் போகிறவரும், பள்ளிவாசலுக்குப் போகிறவரும், மாதா கோயிலுக்குப் போகிறவரும் தங்கள் நல்ல நாளைக் குறிக்க இந்த ஒரே சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லின் மேல் பற்று வந்தது அங்கேதான்.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

வெள் + இ = வெள்ளி. தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும். அதனால் ள் இரண்டானது. 'இ' என்பது ஒரு பண்பை உடைய பொருளுக்குப் பெயராக்கும் விகுதி. கருமை உடையது கரி. வெண்மை உடையது வெள்ளி.

வெள் என்ற வேரின் பிள்ளைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: வெள்ளை, வெண்மை, வெண்ணெய் (வெள் + நெய்), வெண்கலம், வெளுப்பு, வெளிறு. எல்லாவற்றிலும் வெண்மை அல்லது ஒளி இருக்கிறது. இந்த வேருக்கு ஒரு நிழல் பக்கமும் உண்டு. "வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு" என்கிறது 844-ஆம் குறள். அங்கே வெண்மை என்றால் அறிவில்லாமை. எதுவும் எழுதப்படாத வெறுமையும் வெள்ளைதானே.

இந்த இடத்தில் எனக்கு நெடுநாள் ஒரு சந்தேகம் இருந்தது. கடையில் மின்னும் வெள்ளி வெள்ளையாகவா இருக்கிறது? கண்ணாடிபோல, கொஞ்சம் சாம்பல் சாயலோடு அல்லவா இருக்கிறது? இதற்குப் பதில் அகராதியில் கிடைக்கவில்லை. ஒரு ஆசாரியின் பட்டறையில் கிடைத்தது.

என் வீட்டு அரணாக்கொடி கறுத்துப்போயிருந்தது. கடலோரத்தில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். காற்றில் கலந்துள்ள கந்தக ஆவி வெள்ளியின் மேல் படிந்து கறுப்புப் படலமாக மாறுகிறது. நீர் வற்றும்போது சேற்றுக் கழியிலிருந்து வரும் அழுகிய வாடையும் அந்த ஆவிதான். ஆசாரி கொடியை நெருப்பில் காட்டிச் சூடேற்றினார். ஆறவிட்டுப் புளித்தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். வெளியே எடுத்தபோது என் சந்தேகம் தீர்ந்தது. பளபளப்பு துளியும் இல்லை. இராமேசுவரத்துக் கடையில் விற்கும் தேய்க்காத சங்குபோல, சுண்ணாம்பு பூசிய சுவர்போல, அப்படியொரு வெள்ளை. பிறகு அதைத் தேய்த்து மெருகேற்றியபோதுதான் நாம் கடையில் பார்க்கும் மினுக்கம் வந்தது. இந்த உலோகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அதைப் பட்டறையில் பார்த்தவர்கள் என்று அன்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் படி: பழைய பாட்டில் தேடுங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் கேட்பதும், அதிகமாகத் திருப்பித் தருவதும் இந்தப் படிதான். அவசரப்படாதீர்கள். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றியதால்தான் நாம் இன்று உட்கார்ந்த இடத்தில் தேட முடிகிறது.

முதலில் நட்சத்திரம். புறநானூறு 35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார், "இலங்குகதிர் வெள்ளி தென்புலம் படரினும்" என்கிறார். வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்கும் என்பது அந்தக் கால நம்பிக்கை. அப்படிப் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்று சோழ நாட்டைப் பாடுகிறார். பட்டினப்பாலையின் தொடக்கமும் இதையேதான் சொல்கிறது. ஆனால் அங்கே சொல் வேறு: "வசையில்புகழ் வயங்குவெண்மீன் திசைதிரிந்து தெற்கேகினும்." வெள்ளி இங்கே வெண்மீன் ஆகிவிட்டது. மீன் என்றால் நட்சத்திரம். எங்கள் கரையில் வெண்மீன் என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த அளவுக்கு மீன் என்ற சொல் இங்கே தண்ணீரோடு நின்றுவிட்டது.

காவிரி பாயும் நாட்டுப் புலவருக்கு வெள்ளி தெற்கே போனாலும் கவலையில்லை. வானத்தையும் கண்மாயையும் மட்டுமே நம்பிய இராமநாதபுரத்துக்காரர் அந்த வரியைப் படிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது. 'தண்ணியில்லாக் காடு' என்று பேர் வாங்கிய சீமை இது.

அடுத்து உலோகம். புறநானூறு 11-ஆம் பாட்டில் பேய்மகள் இளவெயினி, பாணன் பெற்ற பரிசைச் சொல்கிறார்: "ஒள்அழல் புரிந்த தாமரை வெள்ளி நாராற் பூப்பெற் றிசினே." நெருப்பில் செய்த தாமரை, அதாவது பொன் தாமரை, அதைத் தொடுத்த நார் வெள்ளி. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனையைக் காட்டும் நக்கீரர், "வெள்ளி யன்ன விளங்குஞ் சுதையுரீஇ" என்கிறார். வெள்ளிபோல விளங்கும் சுண்ணாம்பு பூசிய இடம். புளித்தண்ணீரிலிருந்து எடுத்த அந்த அரணாக்கொடியைப் பார்த்தவருக்கு இந்த உவமை எவ்வளவு பொருத்தமானது என்று புரியும்.

ஆக, சங்கப் பாட்டிலேயே நட்சத்திரமும் வெள்ளி, உலோகமும் வெள்ளி. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல இங்கே இடமில்லை. அப்படியானால் எப்படி ஒரே பெயர் வந்தது? இதற்கான சாவி நெடுநல்வாடையில் அடுத்த இரண்டு வரி தள்ளியே இருக்கிறது: "செம்பியன் றன்ன செய்வுறு நெடுஞ்சுவர்." செம்பால் செய்ததுபோன்ற சுவர். செம்மை நிறமுள்ளது செம்பு. வெண்மை நிறமுள்ளது வெள்ளி. இரும்புக்குக் கரும்பொன் என்றும் பெயர்.

இதை வானத்தோடு ஒட்டிப் பாருங்கள். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் ஒரே மூச்சில் வருகிறது: "கரியவன் புகையினும் புகைக்கொடி தோன்றினும் விரிகதிர் வெள்ளி தென்புலம் படரினும்." கரியவன் என்பது சனி. அதற்குக் காரி என்றும் பெயர். சிவந்த கோள் செவ்வாய். வெளுத்த கோள் வெள்ளி. வியாழனுக்குப் பொன் என்ற பெயரும் உண்டு.

நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் செவ்வாய், வெள்ளி, காரி, பொன். மறுபக்கம் செம்பு, வெள்ளி, கரும்பொன், பொன். மண்ணுக்கு அடியில் கிடைத்ததையும் வானத்தில் கண்டதையும் தமிழர் ஒரே கண்ணால், நிறத்தால் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். மற்ற ஜோடிகளில் சொல்வடிவம் கொஞ்சம் மாறியது. வெள்ளியில் மாறாமல் அப்படியே ஒன்றாக நின்றது. நட்சத்திரமும் உலோகமும் தாயும் பிள்ளையும் அல்ல, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதுதான் என் முடிவு.

கிழமை இதில் சிக்கலே இல்லை. வெள்ளி என்ற கோளுக்குரிய நாள் வெள்ளிக்கிழமை. அவ்வளவுதான்.

நான்காம் படி: அதே பொருளுக்கு வேறு பெயர்களைத் திரட்டுங்கள்

பழந்தமிழில் பொன் என்பது தங்கத்துக்கு மட்டுமான பெயர் அல்ல. உலோகம் எல்லாவற்றுக்கும் பொது. ஐம்பொன் சிலை என்று நாம் இன்றும் சொல்வதில் செம்பும் வெள்ளியும் ஈயமும் கலந்திருக்கின்றன. அந்த வழக்கில் வெள்ளிக்கு வெண்பொன் என்று பெயர். வெண்மை + பொன். நன்னூல் 136-ஆம் நூற்பா சொல்லும் 'ஈறு போதல்' விதிப்படி 'மை' கழிந்து வெண்பொன் ஆனது. கமுதிப் பக்கத்துப் பசும்பொன் ஊர்ப்பெயரிலும் இதே அமைப்பு இருக்கிறது: நிறமோ தன்மையோ முன்னால், பொன் பின்னால்.

வடமொழியிலிருந்து வந்தது இரசதம். சமஸ்கிருதத்தில் ரஜதம். இதன் வேருக்கும் வெண்மை, ஒளி என்பதுதான் பொருள். இலத்தீனில் வெள்ளியைக் குறிக்கும் அர்ஜென்டம், கிரேக்கத்தின் ஆர்கிரோஸ் இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. அர்ஜென்டினா நாட்டின் பெயரும் அந்த வழியில் வந்ததே. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள், தனித்தனியே, இந்த உலோகத்தை வெள்ளையானது என்றே அழைத்திருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று எழுதிவிடாதீர்கள். கருத்து ஒன்றுபோல இருக்கிறது, வேர் வேறு.

மூன்றாவது, ரூப்யம். ரூபம் என்றால் உருவம். உரு அச்சடித்தது ரூப்யம் என்று பாணினியின் இலக்கணமே விதி சொல்கிறது. முத்திரை குத்திய வெள்ளிக்காசுக்கு வந்த பெயர் வெள்ளிக்கே ஆகி, 1540-களில் ஷெர்ஷா சூரி சுமார் பதினொன்றரை கிராம் எடையில் வெளியிட்ட வெள்ளி நாணயத்தில் ரூபியா என்று ஏறியது. நம் ரூபாய் அதுதான்.

ஐந்தாம் படி: பக்கத்து மொழிகளில் கேளுங்கள்

மலையாளத்தில் வெள்ளி. கன்னடத்தில் பெள்ளி. துளுவில் பொள்ளி. தெலுங்கில் வெண்டி. ஒலி மாறியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். தமிழில் சொல்லின் முதலில் வரும் 'வ', கன்னடத்தில் 'ப' ஆவது ஒழுங்கான மாற்றம். நம் வேர் அங்கே பேரு, நம் வாய் அங்கே பாயி. இப்படி வரிசையாக மாறினால்தான் உறவு உறுதி. ஒரே ஒரு சொல் மட்டும் ஒத்துப்போனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். தெலுங்கில் நிலவொளியை வெந்நெல என்பார்கள், வெள்ளை நிலா. நம் வெண்ணிலாவின் உடன்பிறப்பு.

ஆறாம் படி: ஒலியில் ஏமாறாதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால் நான் ஒருமுறை தவறிவிட்டேன். ஒரு கூட்டத்தில், வெள்ளாமை என்ற சொல்லும் வெள்ளியின் உறவு, விளைந்த நெல்லின் வெளுப்பைக் குறிக்கிறது என்று பேசிவிட்டேன். முன்வரிசையில் இருந்த முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கூட்டம் முடிந்ததும் வந்து, "தம்பி, வேளாண்மைதானப்பா வெள்ளாமை" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பேச்சில் வே குறுகி வெ ஆகி, ள் இரட்டித்து, ண் மறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பேரகராதியைப் பார்த்தேன். நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துத் திருத்தினேன்.

'வெள்ளிடைமலை' என்பதையும் பலர் வெள்ளிமலையோடு சேர்த்துவிடுகிறார்கள். வெள்ளிடை என்றால் மறைப்பு எதுவுமில்லாத வெட்டவெளி. அங்கே நிற்கும் மலை எல்லோருக்கும் தெரியும். அதனால் தெளிவானதை அப்படிச் சொல்கிறோம். வெள்ளிமலை என்றால் கயிலை. மதுரைக் கோயிலின் வெள்ளியம்பலம் உலோகத்தைக் குறிப்பது. சிலப்பதிகாரப் பதிகத்திலேயே அந்தப் பெயர் வருகிறது.

வெள்ளீயம் வெள்ளி அல்ல, தகரப்பூச்சுக்கான ஈயம். கறுத்த ஈயம் காரீயம். இரசதத்துக்கும் பாதரசத்தின் ரசத்துக்கும் உறவில்லை, இரண்டும் பளபளப்பாக இருந்தாலும்.

ஊர்ப்பெயரிலும் இப்படித்தான். தங்கச்சிமடம் என்றதும் தங்கம் என்று காதில் விழும். இரண்டு மைல் தள்ளி அக்காள்மடம் இருப்பதைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஒரு சொல்லைத் தனியே பார்க்காமல் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டு ஊர்ப்பலகைகள்தான்.

ஏழாம் படி: சொல் கப்பலேறிய பாதையைப் பின்தொடருங்கள்

காசு என்ற பொருளுக்கு வருவோம். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பனைக்குளம் என்று இந்தக் கரையின் எந்த ஊரில் கேட்டாலும் மலாயாவுக்கோ சிங்கப்பூருக்கோ போன ஒரு தாத்தா இருப்பார். அவர்கள் போன காலத்தில் அங்கே புழங்கியவை ஸ்பானிய, மெக்சிக வெள்ளி நாணயங்கள். 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) ஆங்கிலேயர் வெளியிட்ட டாலரும் வெள்ளி நாணயமே. கையில் வாங்கிய சம்பளமே வெள்ளியாக இருக்கும்போது அதற்கு வேறு பெயர் எதற்கு? பத்து வெள்ளி என்றார்கள். காசில் வெள்ளி இல்லாமல் போய், தாளாகவும் ஆகிவிட்டது. சிங்கப்பூர்த் தமிழில் டாலர் இன்றும் வெள்ளிதான். செய்தித்தாளிலும் அப்படித்தான் அச்சாகிறது.

மலாய்க்காரர்கள் அதே நாணயத்தின் விளிம்பைப் பார்த்தார்கள். ஸ்பானிய வெள்ளிக்காசின் ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். ரிங்கிட் என்றால் அப்படிப் பல் வெட்டியது. டாலர் என்ற சொல்லோ பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் என்ற வெள்ளிச் சுரங்க ஊரிலிருந்து வந்தது. 1520 வாக்கில் அங்கே அடித்த காசு தாலர் ஆகி, டாலர் ஆனது. எல்லாம் வெள்ளிக்காசுதான். ஒருவர் ஊரைச் சொன்னார், ஒருவர் விளிம்பைச் சொன்னார், வடக்கே குத்திய முத்திரையைச் சொன்னார்கள். எங்கள் கரையிலிருந்து போனவர் நிறத்தைச் சொன்னார். சங்கப் புலவர் செய்ததையே அவரும் செய்திருக்கிறார் என்பதை அந்தப் பழைய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். "பதினைந்து வெள்ளி" என்று எழுதிய இடத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது. அப்பத்தா அதை எத்தனை தடவை விரல் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாரோ.

எட்டாம் படி: ஒரு பதிவாக எழுதி வையுங்கள்

சேர்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டிருந்தால் போய்விடும். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். என் பக்கம் இப்படி இருக்கிறது:

வெள்ளி, பெயர்ச்சொல். வெள் + இ; வெண்மை உடையது. ஒன்று: வெண்ணிறக் கோள் (புறம் 35, பேச்சில் விடிவெள்ளி, பாம்பன்). இரண்டு: வெண்ணிற உலோகம் (புறம் 11, நெடுநல்வாடை, பேச்சில் வெள்ளிக் கொலுசு). மூன்று: கோளின் பெயரால் வந்த கிழமை. நான்கு: உலோகத்தின் பெயரால் வந்த காசு, டாலர் (சிங்கப்பூர், மலேசியா; தாத்தாவின் கடிதம்). இனம்: கன்னடம் பெள்ளி, துளு பொள்ளி, தெலுங்கு வெண்டி. ஒப்பிடுக: செவ்வாய், செம்பு. சேர்க்கக் கூடாதவை: வெள்ளாமை, வெள்ளிடைமலை.

பொருள்களுக்கு எண் போடும்போது எது எதிலிருந்து வந்தது என்பது தெரியும்படி போடுங்கள். ஒன்றும் இரண்டும் வேரிலிருந்து நேரே வந்தவை. மூன்று ஒன்றிலிருந்து, நான்கு இரண்டிலிருந்து. இவ்வளவு தெளிவாக எழுதினால், பின்னால் யாராவது புதுச் சான்று கொண்டுவரும்போது எந்த வரியை மாற்றுவது என்று அவருக்கும் தெரியும்.

பக்கத்தின் அடியில் நாலு வரி காலியாக விடுங்கள். என் பக்கத்தில் அந்த இடம் அந்தியில் தெரியும் வெள்ளிக்காக இருக்கிறது. காலையில் சூரியனுக்கு முன்னால் தெரியும் அதே கோள், சில மாதம் கழித்துப் பொழுது சாய்ந்த பிறகு மேற்கே தெரியும். ஒரு சுற்று முடிய 584 நாள். விடிவெள்ளி என்று சொல்லும் கடற்காரர், மேற்கே நிற்கும்போது அதை எப்படி அழைக்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். மண்டபத்திலும் வாலிநோக்கத்திலும் தொண்டியிலும் தனித்தனியே கேட்க வேண்டும். வலை காயப்போட்டுவிட்டுக் கரையில் உட்காரும் நேரம் பார்த்துப் போங்கள், அப்போதுதான் பேசுவார்கள்.